டிஃப்ராஸ்ட் பட்டனின் கதை: நிதானம் கத்துக்கிட்ட ஒரு மெஷின்

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு பட்டனைப் பத்தித்தான். மைக்ரோவேவ் இருக்குற வீட்டுல எல்லாம் அந்தப் பட்டனும் இருக்கும், ஆனா நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத் தொட்டிருக்க மாட்டோம். அதுதான் டிஃப்ராஸ்ட்.

ஃப்ரீசர்ல கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்குற சிக்கனை எடுத்து, ஃபுல் பவர்ல அஞ்சு நிமிஷம் வச்சா என்ன ஆகும்? ஓரம் வெந்து ரப்பர் மாதிரி ஆகிடும். நடுவுல விரலை வச்சா இன்னும் ஐஸ். ஒரே துண்டு, ஒரே பெட்டி, ஒரே அஞ்சு நிமிஷம். ஒரு முனையில நூறு டிகிரிக்குப் பக்கம், இன்னொரு முனையில பூஜ்யம். எப்படி?

இதுக்குப் பதில் தேடிப் போனா ஒரு உலகப் போர் வருது, லண்டன்ல ஒரு ஆய்வுக்கூடத்துல உறைஞ்சு போன வெள்ளெலிகள் வருது, அமெரிக்காவுல 400 பேருக்கு மேல நோயில விழுந்த ஒரு சம்பவமும் வருது. இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோணுன விஷயம் ஒண்ணுதான். இந்தப் பெட்டியிலிருந்து வெளியே என்ன கசியுதுன்னு மக்கள் பல வருஷம் பயந்தாங்க. ஆனா நிஜமா ஆளுங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புனது, சாப்பாட்டுக்கு உள்ளே போய்ச் சேராத சூடு. வாங்க, முதல்லேருந்து பார்ப்போம்.

போரில் பிறந்த குழாய்

1940 பிப்ரவரி 21. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டால், ஹாரி பூட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு கருவியை முதல் முறையாக இயக்கிப் பார்த்தார்கள். அதன் பெயர் கேவிட்டி மேக்னட்ரான். ஒரு செம்புக் கட்டியில் வட்டமாகத் துளைகள். நடுவில் எலக்ட்ரான்கள், ஒரு காந்தத்தின் பிடியில் சுற்றிச் சுற்றி ஓடும். காலி சோடா பாட்டில் வாய்ல உதட்டை வச்சு ஊதுனா ஒரு விசில் சத்தம் வருமே, கிட்டத்தட்ட அதே மாதிரி அந்தத் துளைகளைத் தாண்டி ஓடுற எலக்ட்ரான்கள் ரேடியோ அலையை எழுப்பும். கையில தூக்கிட்டுப் போகக்கூடிய சின்னக் கருவி. ஆனா அதுவரைக்கும் யாரும் பார்க்காத அளவு சக்தி, அதுவும் சுமார் 10 சென்டிமீட்டர் அலைநீளத்துல.

அலைநீளம் சின்னதா இருந்தா ஆன்டெனாவும் சின்னதா இருந்தா போதும். அப்போ ரேடாரை ஒரு விமானத்துக்குள்ளேயே வச்சுடலாம். போர் நடந்துட்டு இருந்த நேரத்துல அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்ல வேண்டியதில்லை. ஆனா பிரிட்டன்கிட்ட அதை ஆயிரக்கணக்குல தயாரிக்குற வசதி இல்லை. அதனால 1940 செப்டம்பரில், டிஸார்ட் தூதுக்குழு என்று பின்னாளில் அழைக்கப்பட்ட ஒரு குழு, மேக்னட்ரானை ஒரு பெட்டியில் வைத்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றது. அதைத் தயாரிக்கும் வேலை வந்து சேர்ந்த நிறுவனங்களில் ஒன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரேதியான். அங்கேதான் நம்ம ஹீரோ வேலை பார்த்தார்.

பெர்சி ஸ்பென்சர். 1894ல் மெய்ன் மாநிலத்தின் ஒரு கிராமத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார், வளர்த்தது மாமாவும் அத்தையும். பள்ளிப் படிப்பையே முடிக்காம சின்ன வயசுல மில் வேலைக்குப் போனவர். அப்புறம் கடற்படையில் சேர்ந்து ரேடியோ பற்றித் தானே படித்துக் கற்றுக்கொண்டார். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு இன்னும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பார்த்து வேலை செய்யுற என்னை மாதிரி ஆளுக்கு, இவர் கதை கொஞ்சம் உறுத்தும்.

மேக்னட்ரானைச் செய்ய அதுவரைக்கும் ஒரு முழுச் செம்புக் கட்டியைத் துல்லியமாக் கடைஞ்சு எடுக்கணும். மெதுவான வேலை. மெல்லிய செம்புத் தகடுகளை அச்சுல வெட்டி, ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி, சேர்த்து ஒட்டிடலாம்னு ஸ்பென்சர் யோசனை சொன்னார். போர் முடியுறதுக்குள்ள ரேதியானின் உற்பத்தி ஒரு நாளைக்கு 2,600 என்ற அளவுக்குப் போனதாகச் சொல்லப்படுகிறது.

அடுத்த கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இயங்கிட்டிருந்த மேக்னட்ரான் பக்கத்துல நின்னார், பாக்கெட்ல இருந்த மிட்டாய் உருகிடுச்சு, மைக்ரோவேவ் அவன் பிறந்துச்சு. இந்தக் கதையில ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துக்கணும். ரேடியோ அலை சூடாக்கும் என்பது அப்போ புதுசே இல்லை. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியிலேயே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம், ஒரு சிற்றலை டிரான்ஸ்மிட்டரோடு இணைச்ச இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவுல கறியையும் உருளைக்கிழங்கையும் வச்சு வேகவைச்சுக் காட்டியிருக்கு. ஸ்பென்சர் கையில இருந்தது வேற ரகம். சின்னக் குழாய், பெரிய சக்தி, அதுவும் போர் முடிஞ்சதும் வேலையில்லாம நிற்கப்போற ஒரு குழாய். 1945 அக்டோபர் 8ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1950 ஜனவரியில் அது கிடைத்தது.

1947ல் ரேதியான் முதல் அவனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ரேடாரேஞ்ச். ஆள் உயரம், கிட்டத்தட்ட 340 கிலோ எடை, விலை சுமார் 5,000 டாலர். உள்ளே இருக்குற மேக்னட்ரான் சூடாகாம இருக்கத் தண்ணிக் குழாய் இணைப்பு வேற வேணும். வீட்டுச் சமையலறைக்கு இது சரிப்படாது. உணவகம், கப்பல் மாதிரி இடங்கள்லதான் போய் உட்கார்ந்துச்சு.

உறைந்த வெள்ளெலியும் ஒரு உருளைக்கிழங்கும்

இதே சமயத்துல லண்டன்ல வேற ஒரு கதை ஓடிட்டு இருந்துச்சு. நம்ம டிஃப்ராஸ்ட் பட்டனுக்கு ரொம்ப நெருக்கமான கதை இதுதான்.

லண்டனின் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1950களில் ஆட்ரி ஸ்மித் தலைமையிலான குழு ஒரு வினோதமான கேள்வியை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாலூட்டியின் உடம்பை உறைநிலைக்கே குளிர்வித்து, மறுபடியும் உயிரோடு கொண்டுவர முடியுமா? பெல்கிரேடிலிருந்து வந்த ராடோஸ்லாவ் ஆண்ட்யுஸ் இந்தத் துறையில் முன்னோடி. ஹாம்ஸ்டர்னு சொல்ற வெள்ளெலிகளைச் சுவாசமும் இதயத் துடிப்பும் நிற்குற அளவு குளிர வைப்பாங்க. சிலதுக்கு உடம்புல இருக்குற தண்ணியில ஒரு பகுதி நிஜமாவே ஐஸாகிடும்.

குளிர வைக்குறது சுலபம். திரும்பச் சூடாக்குறதுலதான் சிக்கல். முதல்ல இதயம் துடிக்கணும். மத்த உடம்பு முதல்ல முழிச்சு ஆக்ஸிஜன் கேட்டா, கொண்டுபோய்க் கொடுக்க இதயம் தயாரா இருக்காது. அதனால சூடாக்கின ஸ்பூனை நெஞ்சுமேல வைப்பாங்க. இதயத்துக்குச் சூடு போய்ச் சேர்றதுக்குள்ள தோல் பொசுங்கிடும். நம்ம சிக்கன் பிரச்சினையேதான், பாருங்க. வெளியே வெந்துபோச்சு, உள்ளே இன்னும் ஐஸ்.

அந்தக் குழுவில் இருந்த ஜேம்ஸ் லவ்லாக் என்ற இளம் விஞ்ஞானிக்கு இது பிடிக்கவில்லை. அந்த ஜீவன்களுக்குத் தீக்காயம் படுறது அவரை உறுத்துச்சு. தோலைத் தாண்டி உள்ளே போற சூடு வேணும்னு யோசிச்சார். ஒரு மேக்னட்ரானை வச்சு மைக்ரோவேவ் கருவி ஒண்ணைத் தயார் பண்ணினார். ஹாம்ஸ்டர்கள் எழுந்து நடந்தன. எலிகளை மைக்ரோவேவ் மூலம் மீட்டெடுத்ததைப் பற்றி ஆண்ட்யுஸும் லவ்லாக்கும் சேர்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை 1955ல் வெளிவந்தது. நூறு வயசைத் தாண்டின பிறகு கொடுத்த ஒரு பேட்டியில், அதே கருவியில மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவைச்சுப் பார்த்த கதையையும் லவ்லாக் சொல்லியிருக்கார். பூமியே ஒரு உயிர் மாதிரி இயங்குதுன்னு சொல்ற கையா கருதுகோளை முன்வைச்ச அதே லவ்லாக்தான் இவர்.

ஆனா பெரிய பிராணிகள்கிட்ட இந்த வித்தை பலிக்கலை. உடம்பு பெருசாகப் பெருசாக, குளிரும் சரி, சூடும் சரி, எல்லா இடத்துக்கும் சமமாப் போய்ச் சேராது. இதை நினைவுல வச்சுக்கோங்க. முழுக் கோழிக்கும் கோழித் துண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதேதான்.

ஐஸுக்கு ஏன் சூடு ஏறாது?

இப்போ கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீங்க, சுருக்கமாச் சொல்றேன்.

தண்ணீர் மூலக்கூறுல ஒரு முனை கொஞ்சம் பாசிட்டிவ், இன்னொரு முனை கொஞ்சம் நெகட்டிவ். வெளியே மின்புலம் திசை மாறுனா அதுவும் திரும்பப் பார்க்கும். வீட்டு மைக்ரோவேவ்ல மின்புலம் ஒரு செகண்டுக்கு சுமார் 245 கோடி சுற்று அடிக்குது. அதாவது 2,450 மெகாஹெர்ட்ஸ். இப்படி விடாம அலைக்கழிக்கப்படுற மூலக்கூறுகள் பக்கத்துல இருக்குறதோட முட்டி மோதும். அதுதான் சூடா மாறுது.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கை உலாவுது. இந்த அலைவரிசை தண்ணியோட இயல்பான அதிர்வெண், அதனாலதான் இதைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு சொல்வாங்க. அப்படி இல்லை. 1947ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச ரேடியோ மாநாட்டில், தகவல்தொடர்புக்கு இடைஞ்சல் இல்லாமல் தொழிற்சாலை, மருத்துவம் மாதிரி வேலைகளுக்கு ஒதுக்கப்பட்ட பட்டைகளில் இதுவும் ஒன்று. தொழிற்சாலைகள்ல 915 மெகாஹெர்ட்ஸ் அவன்களும் இருக்கு. அந்த அலை இன்னும் ஆழமாப் போகும்.

சரி, ஐஸுக்கு வருவோம். ஐஸ்லயும் அதே மூலக்கூறுதான். ஆனா அங்கே ஒவ்வொண்ணும் தன் இடத்துல கட்டிப்போட்ட மாதிரி நிக்குது. திரும்ப முடியாது. அதனால சுத்தமான ஐஸ் இந்த அலையை உறிஞ்சுற அளவு, தண்ணி உறிஞ்சுறதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. அலை கண்ணாடியில வெளிச்சம் போற மாதிரி ஐஸுக்குள்ள புகுந்து போயிடும்.

இப்போ உங்க சிக்கனை நினைச்சுப் பாருங்க. ஓரத்துல ஒரு சின்ன இடத்துல முதல் துளி உருகுது. அந்தத் துளி இப்போ தண்ணி, அதனால சுத்தி இருக்குற ஐஸைவிடப் பல மடங்கு சூட்டை வாங்குது. இன்னும் உருகுது, இன்னும் வாங்குது. ஏற்கனவே கூட்டம் நிக்குற பிரியாணிக் கடைக்குத்தான் மேல மேல கூட்டம் சேரும், பக்கத்துக் கடை ஈ ஓட்டும் இல்லையா, அதே கதை. ஓரம் கொதிக்க ஆரம்பிச்சுடும், நடுப்பகுதி காத்து வாங்கிட்டு இருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. 0 டிகிரியில இருக்குற ஐஸை 0 டிகிரித் தண்ணியா மாத்துறதுக்கு மட்டும் கிலோவுக்கு 334 கிலோஜூல் வேணும். அதே அளவு சக்தியைக் கொடுத்தா அந்தத் தண்ணியை 0லேருந்து கிட்டத்தட்ட 80 டிகிரி வரைக்கும் சூடாக்கிடலாம். புரியுதா? நடுவுல ஐஸ் உருகி முடிக்குற நேரத்துல, அதே சக்தியை வாங்குன ஓரம் வெந்தே முடிஞ்சிருக்கும்.

மெஷினை மெதுவாக்கிய கதை

மைக்ரோவேவோட பெருமையே வேகம்தானே? ஆனா வீட்டுக்குள்ள அது நுழைஞ்ச பிறகு இன்ஜினியர்கள் நிறைய மூளையைச் செலவழிச்சது, அந்த வேகத்தை எப்படி அடக்குறதுன்னுதான்.

1955ல் டாப்பன் நிறுவனம் வீட்டுக்கான முதல் மாடலை 1,295 டாலருக்கு விற்றது. அந்த விலைக்கு யார் வாங்குவாங்க? ரேதியான் 1965ல் அமானா என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்தை வாங்கியது. 1967ல் மேடைமேல வைக்குற மாதிரி, சாதாரண பிளக்ல சொருகுற மாதிரி ஒரு ரேடாரேஞ்ச், 495 டாலர். அங்கேயிருந்துதான் வீட்டு மைக்ரோவேவின் நிஜமான பயணம் தொடங்குது.

பெட்டிக்குள்ள அலைகள் சுவர்ல மோதித் திரும்பி வரும்போது, சில இடங்கள்ல ஒண்ணோடு ஒண்ணு கூடும், சில இடங்கள்ல ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். அலைநீளம் சுமார் 12.2 சென்டிமீட்டர். அதனால சூடான புள்ளிகள் தோராயமா 6 சென்டிமீட்டர் இடைவெளியில வரும். சந்தேகம் இருந்தா சுழலும் தட்டை எடுத்துட்டு, சுழலாத ஒரு தட்டுல அப்பளங்களை நெருக்கமா அடுக்கி வச்சுப் பாருங்க. அங்கங்கே பொரிஞ்சிருக்கும், நடுநடுவுல பச்சையா இருக்கும். அலை நின்ன இடத்தை உங்க கண்ணாலயே பார்த்துடலாம்.

இதுக்கு ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1966ல் கொண்டுவந்த தீர்வு எளிமையானது. அலையை நகர்த்த முடியலைன்னா சாப்பாட்டை நகர்த்து. அதுதான் நம்ம எல்லார் வீட்டுலயும் சுத்துற அந்தக் கண்ணாடித் தட்டு. வேலை முடிஞ்சதும் வர்ற மணிச் சத்தத்தை வச்சே மைக்ரோவேவ்ல சூடாக்குறதுக்கு ஜப்பானியர்கள் ஒரு வினைச்சொல் உண்டாக்கிட்டாங்க. 'சின் சுரு', அதாவது 'சின்' பண்ணு!

சுழலும் தட்டு சூடான புள்ளிகளைச் சமாளிக்கும். ஆனா ஐஸ் பிரச்சினைக்கு அது போதாது. அதுக்கு வந்ததுதான் டிஃப்ராஸ்ட். பழைய வகை மைக்ரோவேவ்ல மேக்னட்ரானைப் பாதி பவர்ல ஓட்ட முடியாது. ஒண்ணு முழுசா ஆன், இல்லைன்னா முழுசா ஆஃப். அதனால கொஞ்ச நேரம் ஆன், நிறைய நேரம் ஆஃப், மறுபடி ஆன். சராசரியாப் பார்த்தா முப்பது சதவீத பவர் மாதிரி. எல்இடி வெளிச்சத்தைக் குறைக்க அதை வேகமா ஆன், ஆஃப் பண்ணுவோமே, அதே டியூட்டி சைக்கிள் தந்திரம்தான். இங்கே அது நொடிக்கணக்குல மெதுவா நடக்குது. அடுத்த தடவை டிஃப்ராஸ்ட் போட்டுட்டுக் காதைக் கொடுங்க. 'ம்ம்ம்'னு ஒரு முனகல் வரும், நிக்கும், மறுபடி வரும். அந்த மௌனத்துலதான் வேலை நடக்குது. ஓரத்துல சேர்ந்த சூடு மெதுவா நடுப்பகுதிக்கு நகரும். இப்போ வர்ற இன்வெர்ட்டர் மாடல்கள் நிஜமாவே குறைஞ்ச பவர்ல தொடர்ந்து ஓடும், ஆனா தத்துவம் ஒண்ணுதான்: சூடு உள்ளே நடந்து போக நேரம் கொடு.

பயம் வேற பக்கம் பார்த்துட்டு இருந்துச்சு

இதெல்லாம் நடந்துட்டு இருந்தப்போ மக்கள் எதுக்குப் பயந்தாங்க தெரியுமா? கதிர்வீச்சுக்கு.

பயந்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். புதுசா ஒரு மெஷின், கண்ணுக்குத் தெரியாத அலை. கேள்வி கேட்கத்தான் வேணும். கேட்டதால நல்லதும் நடந்துச்சு. 1968ல் அமெரிக்கா மின்னணுப் பொருட்களின் கதிர்வீச்சைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டது. அதன்படி 1971ல் அமலுக்கு வந்த விதி: ஒரு மைக்ரோவேவ் தன் ஆயுள் முழுக்க, மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது. கதவு திறந்த உடனே அலை நிற்க, ஒன்றையொன்று சாராத இரண்டு பூட்டு அமைப்புகள் இருக்க வேண்டும். ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு காப்பாத்தும். சர்வருக்கு பேக்அப் வைக்குற ஆளுங்களுக்கு இது நல்லாப் புரியும்.

கதவுக் கண்ணாடியில ஓட்டை ஓட்டையா ஒரு உலோக வலை இருக்கே, அது அழகுக்கு இல்லை. ஓட்டை ஒரு ரெண்டு மில்லிமீட்டர். அலையோ 12 சென்டிமீட்டர். வெளிச்சம் வெளியே வரும், மைக்ரோவேவ் வராது. அப்படியும் 1973ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், கசிவு பற்றிய கவலையால் மைக்ரோவேவ் எதையும் பரிந்துரைக்க மறுத்தது.

இன்னைக்கும் வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது. சோவியத் யூனியன் 1976ல மைக்ரோவேவைத் தடை பண்ணிடுச்சாம். அப்படி ஒரு தடைக்கு ஆதாரமே கிடையாது. 1980கள்ல சோவியத் தொழிற்சாலைகளே மைக்ரோவேவ் அவன் தயாரிச்சிருக்கு. இந்த அலை அணுவைப் பிளக்குற ரகம் இல்லை, சாப்பாட்டைக் கதிரியக்கப் பொருளாவும் மாத்தாது. சுவிட்ச் நின்னதும் அலையும் நின்னுடும். கதவு வளைஞ்சிருந்தா, சரியா மூடலைன்னா மட்டும் அந்த மெஷினைப் பயன்படுத்தாதீங்க.

அப்போ நிஜமான ஆபத்து எங்கே இருந்துச்சு? தட்டுல.

2007: ஒரு பை, 41 மாநிலங்கள்

1971ல் அமெரிக்க வீடுகளில் சுமார் ஒரு சதவீதத்தில்தான் மைக்ரோவேவ் இருந்தது. 1986ல் அது நான்கில் ஒரு வீடு. அதே 1986ல், அதுவரை அலுமினியத் தட்டில் வந்துகொண்டிருந்த ஸ்வான்சன் உறைய வைத்த சாப்பாடு, மைக்ரோவேவில் வைக்கக்கூடிய பிளாஸ்டிக் தட்டுக்கு மாறியது. ஃப்ரீசரும் மைக்ரோவேவும் ஜோடி சேர்ந்துச்சு. சமையல்ங்கிறது பல வீடுகள்ல பெட்டியில அச்சடிச்ச நிமிஷக் கணக்கா மாறிப்போச்சு.

2007ல் அமெரிக்காவில் சால்மொனெல்லா கிருமித் தொற்று வழக்கத்துக்கு மாறாகப் பரவியது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரித்தபோது அது ஒரு பொருளில் போய் நின்றது: கோழி, வான்கோழிக் கறியை மாவுக்குள் வைத்து உறைய வைத்த 'பாட் பை'. பேங்க்வெட் என்ற பெயரிலும் சில கடைகளின் சொந்தப் பெயர்களிலும் விற்கப்பட்டது, தயாரித்தது கோனாக்ரா நிறுவனம். அக்டோபரில் அத்தனையையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். கடைசிக் கணக்கில் 41 மாநிலங்களில் 400 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

சால்மொனெல்லா சூட்டுக்குச் சாகுற கிருமிதான். அப்போ எங்கே தப்பு நடந்துச்சு? பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க அதை மைக்ரோவேவ்லதான் சூடாக்கியிருந்தாங்க. பலருக்குத் தங்கள் மைக்ரோவேவ் எத்தனை வாட்டுன்னே தெரியலை. பெட்டியில போட்டிருக்குற நிமிஷம் ஒரு குறிப்பிட்ட வாட்டுக்கான கணக்கு. 1,100 வாட் மெஷின்ல நாலு நிமிஷம் ஆகுற வேலைக்கு 700 வாட் மெஷின்ல ஆறு நிமிஷத்துக்கு மேல ஆகும். வெளியே மாவு பொன்னிறமா இருக்கு, ஆவி பறக்குது. பார்த்தா வெந்த மாதிரியே இருக்கு. நடுவுல மட்டும் கிருமி சாகுற சூடு எட்டலை.

அதுக்கப்புறம் லேபிள்கள் மாறின. இத்தனை வாட் மெஷினுக்கு இத்தனை நிமிஷம், இவ்வளவு நேரம் ஆற விடு, தெர்மாமீட்டர் வச்சு நடுவுல 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துடுச்சான்னு பாரு. அதாவது 74 டிகிரி செல்சியஸ். இங்கே எனக்கு ஒரு கருத்து இருக்கு. கிருமியைக் கொல்ற கடைசிப் பொறுப்பைத் தொழிற்சாலையிலிருந்து தூக்கி, வாட் எவ்வளவுன்னே தெரியாத ஒரு வீட்டுச் சமையலறையில வச்சது நியாயமான டிசைன் கிடையாது. எந்த மெஷின்ல ஓடும்னு தெரியாம ஒரு ப்ரோக்ராமை எழுதி அனுப்பிட்டு, ஓடலைன்னா யூசர்தான் காரணம்னு சொல்ற மாதிரி அது. ஆனா நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், வயிறு நம்மளோடது. அதனால நாமதான் பார்த்துக்கணும்.

சரி, உங்க வீட்டுச் சிக்கனுக்கு என்ன?

இந்த வரலாற்றை எல்லாம் வச்சுப் பார்த்தா, விதிகளை மனப்பாடம் பண்ணத் தேவையில்லை. காரணம் தெரிஞ்சா விதி தானா வந்துடும்.

முதல்ல, உங்க மைக்ரோவேவ் எத்தனை வாட்? கதவுக்குப் பக்கத்துலயோ பின்னாடியோ ஒட்டியிருக்கும். மின்சாரம் எடுக்குற வாட் வேற, சாப்பாட்டுக்குக் கொடுக்குற வாட் வேற. அவுட்புட்னு போட்டிருக்குறதுதான் உங்களுக்கு வேணும்.

ரெண்டாவது, ஃப்ரீசர்ல வைக்கும்போதே டிஃப்ராஸ்ட்டை யோசிச்சுடுங்க. ஒரு கிலோவை ஒரே உருண்டையா வைக்காம, கால் கிலோ கால் கிலோவா தட்டையாப் பரப்பி வைங்க. ஹாம்ஸ்டர் பிழைச்சுது, பெரிய பிராணி பிழைக்கலை. ஞாபகம் இருக்கா?

மூணாவது, கடையிலேருந்து வந்த தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் சுத்து எல்லாத்தையும் எடுத்துட்டு, மைக்ரோவேவுக்கு ஏத்த கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துல வைங்க. எவர்சில்வர் கூடாது. டிஃப்ராஸ்ட் ஓடும்போது பாதியில திறந்து திருப்பிப் போடுங்க, உருகின துண்டுகளைப் பிரிச்சு எடுத்துடுங்க. உருகின இடத்துக்கே சூடு போற அந்தப் பிரியாணிக் கடைக் கூட்டத்தை அப்படித்தான் கலைக்க முடியும்.

நாலாவது, இதுதான் ரொம்ப முக்கியம்: மைக்ரோவேவ்ல டிஃப்ராஸ்ட் பண்ணின கறியை உடனே சமைச்சுடணும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமிகள் வேகமாப் பெருகும். டிஃப்ராஸ்ட் முடியும்போது நடுப்பகுதி சில்லுனு இருந்தாலும், ஓரம் அந்த வெப்பநிலைக்கு ஏற்கனவே வந்திருக்கும். அப்புறம் சமைக்கலாம்னு மேடையில வைக்குறதும், பச்சையாவே மறுபடி ஃப்ரீசருக்குள்ள தள்ளுறதும் கூடாது. சமைக்குற திட்டம் நாளைக்குத்தான்னா, மைக்ரோவேவே வேண்டாம். இன்னைக்கு ராத்திரியே ஃப்ரீசர்லேருந்து எடுத்துக் கீழே ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. மெதுவா, சமமா, பாதுகாப்பா உருகும்.

அஞ்சாவது, மைக்ரோவேவ்லயே சமைக்குறீங்கன்னா மூடி வைங்க. உள்ளே சேர்ற ஆவி, அலை எட்டாத மேற்பரப்பையும் சூடாக்கும். நடுவுல ஒரு தடவை கிளறுங்க. மணி அடிச்சதும் எடுத்து வாயில போடாம ஒரு ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க. அந்த நேரம் வாய் சுடாம இருக்க மட்டும் இல்லை. சூடு இன்னும் உள்ளே நடந்துட்டு இருக்கு, அதுவும் சமையல்தான். கோழிக்கு நடுவுல 74 டிகிரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குற குத்திப் பார்க்குற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சா, ஊகத்துக்கு இடமே இல்லை. உள்ளே மசாலா அடைச்ச முழுக் கோழியை மைக்ரோவேவ்ல வைக்கவே வைக்காதீங்க. அந்த நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர்றது ரொம்பக் கஷ்டம்.

கடைசியா ஒண்ணு, மிஞ்சின சாதம். ராத்திரி முழுக்க வெளியே இருந்த சாதத்துல பேசில்லஸ் சீரியஸ்ங்கிற கிருமி விஷப்பொருளை உண்டாக்கி வச்சிருக்கலாம். அந்த விஷப்பொருள் சூட்டுக்கு மசியாது. மைக்ரோவேவ்ல எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது அப்படியே இருக்கும். அதனால சாதத்தைச் சீக்கிரமா ஃப்ரிட்ஜ்ல வைக்குறதுதான் வழி.

ஒரு விமானத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் செஞ்ச குழாய், ஒரு ஹாம்ஸ்டரை எழுப்பி, இன்னைக்கு நம்ம சமையலறையில உட்கார்ந்து சிக்கனைக் கரைக்குது. அதோட வேகத்தை நம்பி வாங்கினோம். ஆனா பாதுகாப்பா சாப்பிட நமக்குத் தேவைப்படுறது அது நடுநடுவுல நிறுத்துற அந்தச் சில நொடிகள். ஃபுல் பவர்ல அஞ்சு நிமிஷத்துக்குப் பதிலா டிஃப்ராஸ்ட்ல பத்து நிமிஷம் ஆகட்டும். அந்த நேரத்துல வெங்காயம் நறுக்கிடலாம்.

இந்த எபிசோடு பிடிச்சிருந்தா, ஃப்ரீசரை நம்பி வாழ்ற உங்க ரூம்மேட்டுக்கு அனுப்புங்க. உங்க மைக்ரோவேவ் எத்தனை வாட்டுன்னு பார்த்துட்டு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.